கார் கதவைத் திறக்கத் தெரியாம ஐஸ்லாந்து போகாதீங்க!

[காட்சி: பின்னோக்கி மடங்கிக் கிடக்கும் கார் கதவு]

ஆடிக் காத்துல அம்மி பறக்கும்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. ஐஸ்லாந்துல பறக்குறது உங்க வாடகைக் காரோட கதவு. அதுக்குப் பில்லும் உங்க பேர்லதான் வரும், ஏன்னா பெரும்பாலான சாதாரண காப்பீட்டுல காத்து மடக்கின கதவு சேராது!

வணக்கம் மக்களே. பின்னணியை ஒரே மூச்சுல சொல்லிடறேன்: தீவைச் சுத்தி ஓடுற நெடுஞ்சாலை எண் 1, தெற்குக் கரையில வத்னயோக்குல் பனிப்பாறையோட காலடியிலேயே போகுது. ஸ்காஃப்டாஃபெல் இயற்கைப் பூங்கா, பனிக்கட்டி மிதக்குற யோக்குல்சார்லோன் ஏரி எல்லாம் இந்த வழிதான். அவ்வளவுதான் பின்னணி.

இப்போ புயல். மழையையும் பனியையும் பார்த்துப் பயப்படுறோம், காத்தை விட்டுடறோம். வடக்கிலிருந்து வர்ற காத்து பனிமலை மேல ஏறி, இந்தப் பக்கம் சரிவுல சறுக்கிக்கிட்டு விழும். அதனால ஒரு வளைவு வரைக்கும் இலைகூட அசையாது, அடுத்த வளைவுல ஸ்டியரிங் கையை விட்டுப் போகும். இதே வழியில இருக்குற ஃப்ரேய்ஸ்னெஸ், சான்ட்ஃபெல் பக்கம் இதுக்குப் பேர் போனது.

அங்கே வேகத்தை வினாடிக்கு மீட்டர்ல போடுவாங்க. சாலையோர பலகையில 25னு பார்த்து, 'அட, இவ்ளோதானா'ன்னு நினைச்சுடாதீங்க. 3.6ஆல பெருக்குங்க: மணிக்கு 90 கிலோமீட்டர். 'ஹ்விதூர்'னு தனியா ஒரு எண் இருந்தா அது திடீர் வீச்சு. சராசரியை விடுங்க, அதைத்தான் பார்க்கணும். 20க்கு மேலன்னா கேம்பர் வேனை (உள்ளேயே படுத்துத் தூங்குற வேன்) எடுக்கவே எடுக்காதீங்க.

[காட்சி: கரும்பலகைக் கணக்கு]

இப்போ எனக்குப் பிடிச்ச இடம். கதவோட பரப்பு ஏறக்குறைய 1 சதுர மீட்டர்னு வைங்க. வினாடிக்கு 15 மீட்டர் காத்துல அது மேல விழுற விசை சுமார் 14 கிலோ எடைக்குச் சமம். சமாளிச்சுடலாம். 30 மீட்டர்ல 28 இல்லைங்க, 57! வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு. 25 கிலோ அரிசி சிப்பம் ரெண்டை யாரோ கதவு மேல எறியுற மாதிரி. 40 மீட்டர்ல 100 கிலோ. கதவை நிறுத்துற பட்டை அறுந்து, கீல் வளைஞ்சு, முன் பக்கத் தகரமும் நசுங்கும். அப்புறம் கதவு மூடாது. மூடாத கதவோட ஓட்ட முடியாது, இழுவை வண்டிதான்.

என்ன செய்யணும்? நிறுத்தும்போதே வண்டியோட மூக்கு காத்தைப் பார்க்கணும். கதவோட கீல் முன் பக்கம் இருக்குறதால, எதிர்க்காத்து கதவை மூடத்தான் தள்ளும் (விரல் பத்திரம்!). பின்னாலேர்ந்து வந்தா பிடுங்கிடும். ஒரு நேரத்துல ஒரே கதவு. ரெண்டு கையாலயும் பிடிச்சு, கொஞ்சமா திறந்து, காத்து எப்படி இழுக்குதுன்னு பார்த்துட்டு இறங்குங்க. பின் சீட்டுல குழந்தைங்க இருந்தா சைல்டு லாக் போட்டுடுங்க. நாலு பேரும் ஒரே நேரத்துல 'டப்'புன்னு திறக்குற நம்ம பழக்கம் அங்கே செல்லாது.

இதை வீட்ல கதவை ஓங்கி அடிக்கிற ஆளுக்கு ஷேர் பண்ணுங்க!

மணல் புயல் பத்தி ஒரு வரி: ஸ்கெய்தரார்சாந்தூர் கரும்மணல் வெளியில காத்து எழும்பினா பெயின்ட் உரியும், கண்ணாடி மங்கும். மணல், சாம்பல் காப்பீடு தனியா விப்பாங்க, இந்தப் பக்கம் போறதா இருந்தா வாங்குங்க.

கிளம்புற காலையில ரெண்டு விஷயம் பாருங்க. வானிலை அலுவலகத் தளத்துல மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை. சாலை நிலைக்கு 1777க்கு போன். வரைபடத்துல 'லோகாத்'னு இருந்தா மூடியாச்சுன்னு அர்த்தம், தடுப்பைச் சுத்திக்கிட்டுப் போற வேலையே வேணாம். ஆபத்துன்னா 112.

சாலை மூடினா சுத்து வழி இருக்கான்னு கேப்பீங்க. இருக்கு. இந்தத் தெற்குக் கரைச் சாலையில மேற்கே இருக்குற வீக் ஊர்லேர்ந்து கிழக்கே இருக்குற ஹோஃப்ன் ஊருக்கு நேரா சுமார் 270 கிலோமீட்டர். மறுபக்கமா தீவைச் சுத்தி வந்தா ஆயிரத்துக்கும் மேல, அதுவும் வடக்குச் சாலை திறந்திருந்தாத்தான். அதனால ஹோட்டல் போடும்போதே, இலவசமா ரத்து செய்யக்கூடிய அறையா பார்த்துப் போடுங்க.