வழக்கு நடக்கும்போது மெமோ வந்தால்
(பேட்டையில் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, தாய்மார்களே,

மேடை ஏறும் முன்பு ஒரு தங்கச்சி இரண்டு தாள்களைக் கையில் தந்தார். ஒன்று, ஜவுளிக்கடை கொடுத்த நியமன உத்தரவு. மற்றது, ‘உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது’ என்று கேட்கும் மெமோ. இவரும் கூட வேலை பார்க்கிற பதினோரு பேரும் ஓவர்டைம் சம்பளம் கேட்டுத் தொழிலாளர் துறையில் மனுப் போட்டிருக்கிறார்கள். சமரசப் பேச்சு இன்னும் முடியவில்லை. அதற்குள் மெமோ.

“அண்ணாச்சி, எந்தத் தகராறுன்னாலும் பெங்களூர்ல கம்பெனி சொல்ற நடுவர்ட்டதான் போணும்னு இதுல கையெழுத்துப் போட்டுட்டேன். இனி இங்க யார்ட்டயும் சொல்ல முடியாதுல்லா?” என்று கேட்டார்.

முடியும் தங்கச்சி. தொழிலாளர் சட்டம் தந்த உரிமையை அந்தக் கையெழுத்து பறிக்காது. கிங்ஃபிஷர் விமான நிறுவன ஊழியர்கள் சம்பள பாக்கி கேட்டு லேபர் கோர்ட்டுக்குப் போனபோது, ‘ஒப்பந்தப்படி நடுவரிடம் அனுப்புங்கள்’ என்றது நிர்வாகம். 2012இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. தனிச் சட்டம் தனி மன்றத்துக்கென்று ஒப்படைத்த தகராறு தனியார் நடுவரிடம் போகாது என்பதை 2020இல் வித்யா துரோலியா வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஆனால் மேலாளர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் சட்டத்தின் கண்ணில் தொழிலாளிகள் அல்ல. அவர்கள் அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

தொழிலாளர் சட்டத்துக்குள்ளேயே இன்னொரு நடுவர் இருக்கிறார். தகராறு வந்த பிறகு, இரண்டு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்டுத் தேர்ந்துகொள்ளும் நடுவர். பெயர் ஒன்றாக இருப்பதால் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

இனி மெமோவுக்கு வருகிறேன். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யோடு நின்றபோது அவர்களைக் காக்க இந்த வேலி கிடையாது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 33ஆம் பிரிவு அதைப் போட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தின் 90ஆம் பிரிவு. தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடமோ, சட்டப்படியான நடுவரிடமோ, தொழில் தீர்ப்பாயத்திலோ தகராறு நிலுவையில் இருக்கும்வரை, அது தொடர்பாக உங்கள் சம்பளத்தையோ வேலை நிலையையோ பாதகமாக மாற்ற, தகராறு யார் முன்னால் இருக்கிறதோ அவரிடம் முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி வாங்க வேண்டும். தகராறோடு தொடர்புடைய குற்றம் சாட்டித் தண்டித்து நீக்கவும் அப்படியே. தொடர்பில்லாத குற்றம் என்றால், ஒரு மாதச் சம்பளம் கொடுத்து ஒப்புதல் கேட்க வேண்டும். அந்த ஒப்புதல் இல்லாத நீக்கம் செல்லாது என்று 2002இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள்.

இந்த வேலியில் ஒரு திறப்பு உண்டு. அதை ஒரு மனிதரின் வேலையைப் பறிகொடுத்துத்தான் நான் படித்தேன்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துக்காரர், நூற்பாலைத் தொழிலாளி. சமரசம் முறிந்தது. முறிவறிக்கை சென்னைக்குப் போயிற்று. அன்றைய சட்டப்படி, அறிக்கை அரசின் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் சமரசம் முடிந்தது. அரசு கோர்ட்டுக்கு அனுப்பும் நாளில்தான் அடுத்த வழக்கு தொடங்கும். நடுவில் பல மாதம் ஒன்றும் நிலுவையில் இல்லை. அந்த மாதங்களில் நிர்வாகம் அவரை நீக்கியது. பழிவாங்கல் என்று, 33ஆம் பிரிவை நிர்வாகம் மீறினால் புகார் செய்ய வழிவிடும் 33ஏ பிரிவில் மனுப் போட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “நீக்கிய அன்று எந்த வழக்கு நிலுவையில் இருந்தது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மனு தள்ளுபடி. நீக்கத்தையே தனித் தகராறாக்கி முதலிலிருந்து தொடங்கினோம். வாய்தா வாய்தாவாக வருடங்கள் போயின. அவர் மனைவி பீடி சுற்றித்தான் வீடு நடந்தது. அந்த அம்மாவின் முகத்தை நான் இன்னும் நேராக நினைத்துப் பார்க்க முடியாது.

புதிய சட்டத்தில் அரசின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சமரச அலுவலரின் அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் நீங்களே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 90 நாள் இருக்கிறதே என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள். நீங்கள் தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் அந்தத் திறப்புதான்.

சில நிர்வாகங்கள் போலீஸிலும் திருட்டுப் புகார் கொடுக்கும். கிரிமினல் வழக்கும் கம்பெனி நடத்தும் உள்விசாரணையும் ஒரே நேரத்தில் நடக்கச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒரே சம்பவமாக இருந்து, குற்றச்சாட்டும் கடுமையாக, சிக்கலாக இருந்தால் உள்விசாரணையை நிறுத்திவைப்பது நல்லது என்று 1999இல் பால் அந்தோணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உள்விசாரணையில் வாய் திறக்கும் முன்பு வக்கீலைப் பாருங்கள்.

தங்கச்சி, உங்கள் மெமோவின் தேதியைப் பார்த்தேன். முதல் சமரசப் பேச்சு நடந்து ஒன்பதாம் நாள். நாளைக்கே பதில் எழுதுவோம். அதே சமரச அலுவலரிடம் பழிவாங்கல் புகாரும் கொடுப்போம். அவர் அதன்மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டார், பேச்சில் கணக்கில் எடுத்துக்கொள்வார். அதை மீறி நீக்கினால், தகராறு தீர்ப்பாயத்துக்குப் போகிறபோது நீக்கம் செல்லுமா என்று அங்கேயே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லலாம். மெமோ வந்த உறையைத் தூரப் போடாதீர்கள். தபால் முத்திரையில் தேதி இருக்கிறது.