தங்கத்தைக் கீழே இறக்கிய துத்தநாகம்

வணக்கம் நேயர்களே. டர்பனில் கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களிடம் துருவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கேட், ஜன்னல் கம்பி, காரின் அடிப்பாகம் என்று உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. அதே காற்றில் கழுத்துத் தாலிக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை.

வேதிவினை என்பது பெரும்பாலும் அணுவின் வெளிக்கூட்டு எலெக்ட்ரான்களைக் கொடுப்பதும் வாங்குவதும் பங்கிடுவதும்தான். சோடியத்தின் வெளிக்கூட்டில் ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சட்டென்று விட்டுவிடும் என்பதால் ஆய்வகத்தில் எண்ணெய்க்குள் போட்டு வைக்கிறார்கள். தங்கத்திடமும் ஒன்றுதான், ஆனால் லேசில் விடாது. எண்ணிக்கை மட்டும் போதாது, அணுக்கருவின் பிடியையும் பார்க்க வேண்டும்.

அதனால்தான் 1886-இல் ஜொகானஸ்பர்க் பக்கத்து விட்வாட்டர்ஸ்ராண்ட் மலைத்தொடரின் பாறையில் தங்கம் தங்கமாகவே கிடந்தது. ஆழம் போகப்போக அது கந்தகம் கலந்த கல்லோடு பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. தங்கத்தைப் பிரிக்க அதுவரை பயன்படுத்திய பாதரசத்தால் அதைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. 1890-இல் ஜொகானஸ்பர்க்கில் மக்ஆர்தர்-ஃபாரஸ்ட் முறை வந்தது. நீர்த்த சயனைடு கரைசலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் பிடிவாதக்காரத் தங்கமும் கரைந்துவிடும். அப்புறம் கரைசலைத் துத்தநாகச் சீவல் வழியே விட்டார்கள். எலெக்ட்ரானைக் கொடுக்கத் துடிக்கும் துத்தநாகம் கரைசலுக்குள் போக, தங்கம் கருஞ்சேறாகக் கீழே படிந்தது. பார்த்தால் தங்கம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கழுவி உருக்கிய பிறகுதான் மினுக்கம்.

நம் தகரக்கூரையின் மேல்பூச்சும் இதே துத்தநாகம்தான். ஆணியால் கீறிப் பாருங்கள்: கீறலில் இரும்பு தெரிந்தாலும் உடனே சிவப்புத் துரு வராது. பக்கத்திலிருக்கும் துத்தநாகம் இரும்புக்கு முன்னால் தான் அரிக்கப்பட்டு, வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பூச்சு தீர்ந்த பிறகுதான் இரும்பின் முறை.

எந்த உலோகம் சீக்கிரம் வினைபுரியும் என்று மேலிருந்து கீழாக அடுக்கும் வினைத்திறன் வரிசையைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களை அலுமினியம் குழப்பும். வரிசையில் அது துத்தநாகத்துக்கும் மேலே. ஆனால் அலுமினிய ஜன்னல் சட்டம் பல வருடம் தாங்குகிறது. காற்று பட்ட கணமே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். தாதுவிலும் அது ஆக்சிஜனோடு இறுகித்தான் கிடக்கிறது; அதைப் பிரித்தெடுக்க, இரும்புக்குச் செய்வதுபோல் கரி போட்டு எரித்தால் நடக்காது, மின்சாரம் பாய்ச்ச வேண்டும். ரிச்சர்ட்ஸ் பே அலுமினிய ஆலை மின்சாரத்தை அத்தனை விழுங்குவது அதற்காகத்தான்.