பஸ்ராவுல எண்ணிக்கை, பர்மாவுல பேரு: உலகப் போர்ல போன நம்ம வீட்டு ஆளுங்கள எப்படித் தேடுறது?

(திரையில்: பஸ்ரா நினைவுச் சின்னத்தோட பழைய கறுப்பு வெள்ளை போட்டோ)

வணக்கமுங்க. ஈராக்ல பஸ்ரா பக்கம் இருந்த நினைவுச் சின்னம் இது. முதல் உலகப் போர்ல மெசபடோமியாவுல, அதாவது இப்ப ஈராக்குன்னு சொல்ற எடத்துல செத்து, கல்லறைன்னு ஒன்னு தெரியாமப் போனவங்களுக்காக 1929-ல தெறந்தாங்க, 40,000 பேருக்கும் மேல இந்தக் கணக்குல வராங்க. வெள்ளக்கார சிப்பாய்னா பேரு செதுக்கியிருக்கும். நம்ம ஊரு ஆளுன்னா, ஆபீசருக்கு மட்டும் பேரு, மத்தவங்களுக்கு ரெஜிமெண்ட் பேரப் போட்டு கீழ இத்தன பேருன்னு ஒரு எண்ணிக்கை, அவ்ளோதான். அந்த எண்ணிக்கைக்குள்ள ஒருத்தரு எங்க அப்பாருவோட, அதாவது தாத்தாவோட சித்தப்பா. மெட்ராஸ் சேப்பர்ஸ்ங்கற ராணுவ இன்ஜினியர் படையில இருந்தவரு.

அப்பாருவோட சொந்த அண்ணனும் போர்லதான் போனாரு, அது ரெண்டாவது போரு, பர்மாவுல. அவரு பேரு ரங்கூனுக்கு வடக்க தாவுக்யான்ல தூண்ல முழுசா இருக்கு, கிட்டத்தட்ட 27,000 பேரோட சேத்து. தூணுக்கு எந்தப் பக்கம்னு கூட நம்பர் போட்டு ஆன்லைன்ல கெடைக்குது.

(திரையில்: அருவங்காடு ஸ்டேஷன், மலை ரயில் உள்ள வருது)

ஒரே வீடு, நீலகிரியில அருவங்காட்டுல. இங்க கார்டைட் பேக்டரி 1904-ல வந்துச்சு, ரெண்டு போருக்கும் துப்பாக்கி மருந்து இங்கிருந்து மலை எறங்கிப் போச்சு. எங்க வீட்டுல பாதிப்பேரு மருந்து செய்யற வேலைக்குப் போனாங்க, ரெண்டு பேரு அந்த மருந்து வெடிக்கிற எடத்துக்கே போய்ட்டாங்க. சரி, சித்தப்பாவுக்கு ஏன் பேரு இல்ல, அண்ணன் மகனுக்கு மட்டும் ஏன் இருக்கு?

போர்க் கல்லறைங்களப் பாத்துக்கறதுக்குன்னு ஒரு ஆணையம் 1917-ல ஆரம்பிச்சாங்க, இப்ப காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்னு பேரு. பதவி, மதம், நிறம் பாக்காம செத்த எல்லாருக்கும் ஒரே மரியாதைன்னு கொள்கை. ஐரோப்பாவுல அத ஓரளவு செஞ்சாங்க, பிரான்ஸ்ல நவ் ஷப்பேல்னு ஒரு ஊருல 1927-ல இந்திய சிப்பாய்ங்களுக்கே தனியா சின்னம் கட்டி 4,700-க்கும் மேல பேரு செதுக்கியிருக்காங்க, சாதாரண சிப்பாய் உட்பட. ஆனா அதே ஆளு, அதே யூனிபார்ம், செத்த எடம் மெசபடோமியாவோ கிழக்கு ஆப்பிரிக்காவோன்னா கொள்கை மாறிடுச்சு, கல்லுல எண்ணிக்கை, பேரெல்லாம் ரிஜிஸ்டர்ல. எனக்கு இதுலதான் ரொம்ப எரிச்சல், ஏன்னா பேரு தெரியாமப் போடாம விட்டது கிடையாது, நெறைய பேரோட பேரு கையில இருந்தும் போடல. 2021-ல ஆணையமே ஒரு அறிக்கை விட்டு ஒத்துக்கிட்டாங்க, 45,000-லிருந்து 54,000 பேரு வரைக்கும் இப்படி சமமில்லாம நடத்தப்பட்டாங்க, பெரும்பாலும் இந்தியாக்காரங்களும் ஆப்பிரிக்காக்காரங்களும்னு சொல்லி மன்னிப்பும் கேட்டாங்க. டெல்லி இந்தியா கேட்ல பேரு இருக்குமேன்னு கேப்பீங்க, அங்க 13,000 சொச்சம் பேருதான், முக்கியமா வடமேற்கு எல்லையிலயும் 1919 ஆப்கான் போர்லயும் போனவங்க.

இப்ப தேடுறதுக்கு வருவோம். முதல்ல வீட்டுல மெடல் இருக்கான்னு பாருங்க, வெள்ளி விலை ஏறுனப்ப வித்துட்ட வீடும் உண்டு.

(திரையில்: மெடலோட விளிம்பு, க்ளோஸ்-அப்)

இது முதல் போர்ல குடுத்த பிரிட்டிஷ் வார் மெடல். ஒரு பக்கம் ராஜா தல, இன்னொரு பக்கம் குதிர. அதெல்லாம் இப்ப நமக்கு வேண்டாம், விளிம்பப் பாருங்க. ரூபாக்காசுல கோடு போட்டிருக்கற எடம் இருக்குல்ல, அந்த எடத்துல சின்னதா எழுத்து ஓடும்: நம்பரு, ரேங்க், பேரு, யூனிட்டு. தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க, எங்க அத்தை வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு பளபளன்னு தேய்ச்சு வெச்சதுல பேர்ல பாதி மழுங்கிப்போச்சு, நம்பர் மட்டும் தப்பிச்சுது. ராத்திரில லைட்ட அணைச்சுட்டு போன் டார்ச்ச பக்கவாட்டுல சாச்சுப் புடிச்சா எழுத்தோட நெழல் விழும், அப்ப படிக்கலாம். மெடலு வெள்ளிக்குப் பதிலா வெண்கலமா இருந்தா அவரு சண்டைக்குப் போன சிப்பாய் இல்ல, லேபர் கோர் மாதிரி, கூலி வேலைக்குன்னு சேத்த படையில போயிருப்பாரு, அந்த லிஸ்ட்டுல தேடணும்.

நம்பர் ஏன் முக்கியம்னா, பேர நம்ப முடியாதுங்க. எழுதுன கிளார்க்குக்கு காதுல விழுந்ததுதான் ஸ்பெல்லிங். நம்ம மலையில ஜோகின்னு ஒரு பேரு, அத ஜி-யோட எச் சேத்தும் எழுதுவாங்க, சேக்காமயும் எழுதுவாங்க, கடைசில ஐ போடுவாங்க, இல்லன்னா ரெண்டு ஈ போடுவாங்க. கிருஷ்ணன்னா கே-வுல இல்லாட்டி சி-யில தேடுங்க. ஆணையத்தோட வெப்சைட்ல சர்நேம்னு கேக்கற கட்டத்துல அப்பா பேரு, ஜாதிப் பேரெல்லாம் போடாதீங்க, அவரோட சொந்தப் பேரையே போடுங்க, நம்மாளுங்களுக்கு அங்கதான் ஏத்தியிருக்காங்க. அதுலயும் வரலன்னா கூடுதல் தகவல்னு ஒரு கட்டம் இருக்கு, ஊர் பேரு போட்டுத் தேடலாம், "இன்னார் மகன், இந்த ஊரு"ன்னு ரெண்டாம் போர் ஆளுங்களுக்கு நெறைய பேருக்கு இருக்கும். ஊட்டிக்கு உதகமண்டலத்தோட பழைய இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கப் போடணும். எங்க பெரிய தாத்தா அப்படித்தான் கெடச்சாரு, பஸ்ரா ஆளு நம்பரு வெச்சுதான் கெடச்சாரு. கல்லுல இல்லாத பேரு டேட்டாபேஸ்ல இருக்கு பாருங்க.

இன்னொன்னு, நம்ம பக்கத்துல வெலிங்டன்லயே மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர் இருக்கறதால தமிழ் சிப்பாய்னாலே அங்கதான் போய்க் கேக்கணும்னு நெனைக்கறாங்க. அது காலாட்படை. சேப்பர்ஸ்னா பெங்களூரு. முதல் போர் காலத்துல காலாட்படைக்கே வேற பேருங்க, 73-வது கர்நாடிக், 83-வது வாலாஜாபாத்னு போகும், 1920-கள்ல ஒவ்வொன்னா கலைச்சு, ரெண்டாம் போர் வந்தப்பதான் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டத் திரும்ப எழுப்புனாங்க. அதனால யூனிட் பேரு தெரியாம கேட்டுக்குப் போனா சென்ட்ரி பாவம் என்ன சொல்லுவாரு.

(திரையில்: பதிவோட பிரிண்ட், பக்கத்துல பழைய பஞ்சாங்கம்)

பதிவு கெடச்சா அதுல நமக்கு ரொம்ப உபயோகமானது இறந்த தேதி. எங்க வீட்டுல ரெண்டு பேருக்குமே தேதி தெரியாது, தந்தியில என்ன வந்துச்சுன்னு யாருக்கும் ஞாபகமில்ல, அதனால மகாளய அமாவாசையிலதான் ரெண்டு எலை போட்டு படைப்பாங்க. பர்மா தாத்தாவுக்கு 1945 மார்ச் முதல் வாரம்னு வந்துச்சு, பர்மாவுல மெய்க்டிலாங்கற ஊர ஜப்பான்காரங்க கிட்டருந்து புடிச்ச அதே வாரம். பழைய பஞ்சாங்கத்துல பாத்தா மாசி மாச தேய்பிறை, திதி கெடச்சுருச்சு. அப்பாவுக்கு சந்தோசம், இனிமே அந்தத் திதியில தனியா படைக்கலாம்னாரு. அத்தை ஒத்துக்கல, "சித்தப்பனும் மகனும் இத்தன வருசம் ஒன்னா உக்காந்து சாப்புட்டாங்க, இப்ப எதுக்கு பிரிக்கற"ன்னாங்க. இந்த வருசம் ரெண்டுமே செஞ்சோம்.

பதிவுல ஊரோ அப்பா பேரோ தப்பா இருந்தா ஆணையத்துக்கே எழுதலாம், ஆதாரத்த ஸ்கேன் பண்ணி அனுப்புனா சரிபாப்பாங்க. ரெண்டாம் போர்ல ஜப்பான்காரங்க போட்ட சயாம் மரண ரயில்பாதையில செத்த மலேயாத் தமிழ்க் கூலிங்கள மட்டும் இதுல தேடாதீங்க, அவங்க ராணுவக் கணக்குலயே வரல, அவங்களுக்குத் தனியா ஒரு வீடியோ போடணும். மெடல் விளிம்பு படிக்க முடியலன்னா டார்ச் சாச்சு எடுத்த போட்டோவ அனுப்புங்க, சேந்து பாப்போம்.