மடை திறக்கும் பார்வை

அவையோர்க்கு வணக்கம்.

இன்று வீடு திரும்பியதும் கண்ணாடி முன் நின்று, உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண்கள் நகர்வதை ஒருமுறைகூட நீங்கள் காண மாட்டீர்கள். அருகில் நிற்பவரோ தெளிவாகக் காண்பார். நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை நிகழும் இந்தத் துள்ளலின்போது விழும் கலங்கலான காட்சியை மூளை நம் உணர்வுக்கு எட்டவிடாமல் அடக்கிவிடுகிறது.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இழுக்கின்றன. அவற்றை ஏவுவது எது? 1870-களில் டேவிட் ஃபெரியர் குரங்கின் மூளை முன்மடலில் மின்தூண்டல் கொடுத்தபோது கண்கள் எதிர்ப்பக்கம் திரும்பின. நடுமூளையின் முதுகில் மேற்குன்றுகள் எனப்படும் இரு சிறு மேடுகளுக்கும் இதே ஆற்றல் உண்டு. முன்மடலின் அப்பகுதி, மேற்குன்றுகள் ஆகிய இவ்விரண்டில் ஒன்றை மட்டும் நீக்கினால் குரங்கு ஓரளவு சமாளித்துக்கொள்கிறது என்பதையும், இரண்டையும் நீக்கினால் பார்வையைத் திருப்பும் திறன் பெரிதும் அழிந்துவிடுகிறது என்பதையும் 1980-இல் பீட்டர் ஷில்லர் குழுவினர் காட்டினர்.

ஆனால் என்னை இன்றும் வியக்கவைப்பது ஏவல் அன்று, தடைதான். நடுமூளையில் உள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்னும் பகுதியின் நரம்பணுக்கள் ஓயாமல் துடித்து மேற்குன்றைக் கட்டிவைத்திருக்கின்றன என்றும், கண் துள்ளுவதற்குச் சற்று முன் அத்துடிப்பு நின்றுவிடுகிறது என்றும் ஹிகோசாகாவும் வுர்ட்ஸும் 1983-இல் வெளியிட்டனர். மூளைத்தண்டிலும் இன்னொரு காவல் உண்டு. கண் நிலைகொண்டிருக்கும்வரை துடித்துக்கொண்டிருக்கும் அங்குள்ள அணுக்கள், எத்திசையில் கண் துள்ளினாலும் அந்த நொடியில் மௌனமாகின்றன. ஏரியில் நீர் எப்போதும் நிறைந்திருக்க, மடைப்பலகையை உரிய நேரத்தில் தூக்குவது போன்றதே பார்வையைத் திருப்புதல்.

1964-இல் டொராண்டோ மருத்துவர்கள் விரிவாக விவரித்த ஒரு நரம்புச்சிதைவு நோயில், மேலும் கீழும் துள்ளலை உண்டாக்கும் நடுமூளைப் பகுதி சிதைகிறது. நோயாளரால் இலையில் பரிமாறிய சோற்றைக் குனியாமல் பார்க்க இயலாது. படி இறங்கும்போது தடுக்கி விழுவார். "கீழே பாருங்கள்" என்றால் விழி அசையாது. அதே நோயாளரைத் தம் முகத்தையே பார்த்திருக்கச் சொல்லி, மருத்துவர் அவருடைய தலையை இரு கைகளாலும் பற்றி மெல்லப் பின்னுக்குச் சாய்த்தால், உட்செவியின் சமநிலை உறுப்பிலிருந்து வரும் வேறொரு பாதை வழியே, அசையாதிருந்த அந்த விழிகள் தாமே கீழிறங்கும்.