கார்த்திகை மழையும் அடேனியமும்

நேயர்களுக்கு வணக்கம்.

அடேனியம் செடியை நர்சரியில் பாலைவன ரோஜா என்று சொல்லித்தான் விற்பார்கள். ரோஜாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது நம் அரளியின் பங்காளி. நித்தியகல்யாணி, ஈழத்தலரி எல்லாம் அதே குடும்பம்தான். பூவைப் பார்த்தாலே அரளிச் சாடை தெரியும். ஆனால் அடித்தண்டு குடம் மாதிரி பருத்திருக்கும். ஏமன் நாட்டு ஏடன் துறைமுகத்தின் பெயர்தான் இதற்கு வந்திருக்கிறது. அந்தப் பக்கத்து அரபு மண்ணும் ஆப்பிரிக்காவின் வறண்ட காடுகளும் இதன் சொந்த ஊர். என்றைக்கோ பெய்யும் மழையை அந்தத் தண்டில் சேர்த்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

சென்னையில் எங்கள் மொட்டை மாடியில் 12 வருடமாக வளர்க்கிறேன். சித்திரை வெயிலில் ஒரு செடிகூடப் போனதில்லை. போனதெல்லாம் கார்த்திகை மழையில்தான்.

முதல் செடி அப்படித்தான் போனது. ஒரு வாரம் விடாத மழை. இலை மஞ்சளானதும் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் வைத்தேன். நாலு நாள் கழித்துத் தண்டைத் தொட்டால், வெந்த உருளைக்கிழங்கில் போவது போல விரல் உள்ளே போனது. புளித்த வாடை வேறு. அன்று ரொம்ப அழுகையாக வந்தது.

அதிலிருந்து தினமும் காலையில் தண்டை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர்க் குவளையை எடுக்கிறேன். கல் மாதிரி இருந்தால் தண்ணீர் வேண்டாம். மண் காய்ந்து, தண்டும் லேசாகத் தளர்ந்து தோல் சுருங்கியிருந்தால் தாகம். தொட்டியின் அடியில் வழியும்வரை ஊற்றுங்கள், ஓரிரு நாளில் இறுகிவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே தண்டு அமுங்கினால் அழுகல். அப்போது மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

செடியைப் பிடுங்கி வேரைக் கழுவுங்கள். சுத்தமான கத்தியால் அழுகிய சதையைச் சீவிக்கொண்டே வாருங்கள், பழுப்பு துளியும் இல்லாமல் வெள்ளைச் சதை தெரியும்வரை. மனசு கேட்காது. ஆனால் கொஞ்சம் விட்டுவைத்தாலும் மறுபடி பரவும். வெட்டிய இடத்தில் பூஞ்சைக்கொல்லித் தூளைத் தடவி, மழை படாத நிழலில் பத்து நாள் காயவிட்டு, அப்புறம் நடுங்கள். இப்படிப் பாதித் தண்டை இழந்த ஒரு செடி இன்றும் என் மாடியில் பூத்துக்கொண்டிருக்கிறது.

வெட்டும்போது வடியும் பால் நஞ்சு. ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் தடவியது இதைத்தான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள், நாய், பூனைக்கு எட்டாமல் செடியை வையுங்கள்.

மண் கலவையில் செங்கல் உடைசலும் பருமணலும் முக்கால் பங்கு, மக்கிய உரம் கால் பங்கு போதும். தொட்டி அகலமாக இருக்கட்டும், ஆழம் தேவையில்லை. 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் கிளை நீளுமே தவிர பூ வராது. மாசியில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் புதுத் துளிர்களின் நுனியில் மொட்டு வைக்கும்.

ராத்திரியோடு ராத்திரியாக இலைகள் காணாமல் போனால், தலைக்குப் பின்னால் நீலக் கண் போல் இரண்டு புள்ளிகளோடு ஒரு பச்சைப் புழு இருக்கிறதா பாருங்கள். அரளியைத் தின்னும் அதே புழுதான். மருந்து எதற்கு, கையால் எடுத்துவிடலாம்.

உங்கள் செடியில் மாட்டுக் கொம்பு போல ஜோடியாகக் காய் விட்டிருந்தால் இன்றைக்கே நூலால் சுற்றிக் கட்டுங்கள். வெடித்துவிட்டால், இரண்டு முனையிலும் பஞ்சுக் குஞ்சம் வைத்த விதைகள் காற்றோடு போய்விடும். குச்சி நட்டு வரும் செடிக்கு அடி அவ்வளவு அழகாகப் பருக்காது, விதையில் வருவதற்குத்தான் பருக்கும். புது விதையாக இருந்தால் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். முளைக்கும்போதே அந்தக் குட்டித் தண்டு உருண்டையாகத்தான் இருக்கும்.

வணக்கம்.