அரிசோனாவின் ரஸ்ஸல் பியர்ஸ்: ஒரு பழைமைவாதச் சட்டமன்ற உறுப்பினர்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க அரசியல் என்றாலே நம் செய்தித்தாள்கள் வெள்ளை மாளிகையைச் சுற்றியே எழுதுகின்றன. அந்நாட்டு மக்களின் அன்றாட வாழ்வைத் தொடும் சட்டங்களில் பெரும்பகுதியோ ஐம்பது மாநிலச் சட்டமன்றங்களில்தான் உருவாகிறது. அப்படியொரு சட்டமன்றத்தில் இருந்தபடியே நாடு முழுவதையும் தம் மாநிலத்தின் பக்கம் திரும்பவைத்தவர் அரிசோனாவின் ரஸ்ஸல் பியர்ஸ். அவருடைய கொள்கையை ஏற்பவர்களும் வெறுப்பவர்களும் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு வியப்பூட்டுவது, ஒரே ஒரு தொகுதியின் உறுப்பினர் எவ்வளவு தூரம் கையை நீட்ட முடிந்தது என்பதும், அந்தக் கை எங்கே தட்டிவிடப்பட்டது என்பதும்தான்.

பியர்ஸ் 1947-ல் பிறந்தவர். அவருடைய ஊர் பீனிக்ஸ் நகரையொட்டிய மேசா. அமெரிக்காவில் தோன்றிய கிறித்தவப் பிரிவான மார்மன் சமயத்தவர் 1878-ல் குடியேறி உருவாக்கிய ஊர் அது, அவரும் அச்சமயத்தவரே. மாரிகோப்பா மாவட்டக் காவல்துறையான ஷெரிஃப் அலுவலகத்தில் சேர்ந்து, 1977-ல் பணியின்போது சுடப்பட்டு ஒரு விரலை இழந்தார். பின்னர் அங்கேயே தலைமைத் துணை அதிகாரியாக உயர்ந்தார். 1993-ல் கொளுத்தும் பாலைவன வெயிலில் கைதிகளை இராணுவக் கூடாரங்களில் அடைத்த சிறை ஒன்று அங்கே திறக்கப்பட்டது. அந்த யோசனை தம்முடையது என்று அவர் பெருமையோடு சொல்லிவந்தார். அடுத்து மாநில மோட்டார் வாகனத் துறையின் இயக்குநரானார். ஓட்டுநர் ஒருவரின் பதிவேடு திருத்தப்பட்ட விவகாரத்தில் 1999-ல் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டார்; தாம் தவறு செய்யவில்லை என்று மறுத்தார். அடுத்த ஆண்டே குடியரசுக் கட்சியின் சார்பில் தேர்தலில் வென்று மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்துவிட்டார்.

அந்தச் சட்டமன்றத்தின் அமைப்பைச் சற்றுச் சொல்ல வேண்டும். மாநிலம் 30 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு செனட்டரும் இரண்டு பிரதிநிதிகளும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஆண்டுச் சம்பளம் 24,000 டாலர் மட்டுமே என்பதால் பலர் வேறு வேலையும் பார்க்கிறார்கள். அங்கே ஆளுநர் என்பவர் நியமனம் பெற்றவர் அல்லர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும், நம் முதலமைச்சருக்கு நிகரான நிர்வாகத் தலைவர். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அவர் நிராகரிக்கலாம். ஆனால் சட்டமன்றம் ஒரு தீர்மானத்தை நேராக மக்கள் வாக்கெடுப்புக்கு அனுப்பிவிட்டால், ஆளுநரின் கையெழுத்துக்கே அங்கு வேலையில்லை.

இந்த வழியைப் பியர்ஸ் நன்றாக அறிந்திருந்தார். குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் மசோதாக்கள் பலவற்றை அன்றைய ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜேனட் நபோலிடானோ நிராகரித்துவந்தார். மக்கள் வாக்கெடுப்பிலோ கதை வேறாக இருந்தது. வாக்காளராகப் பதிவுசெய்யக் குடியுரிமைச் சான்று கேட்கும் 200-ஆம் முன்மொழிவு, மக்களிடம் கையொப்பம் திரட்டிக் கொண்டுவரப்பட்டது, பியர்ஸ் முன்னின்று ஆதரித்தது, 2004-ல் சுமார் 56 விழுக்காடு வாக்குகளோடு வென்றது. ஆங்கிலத்தை மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கும் முன்மொழிவு 2006-ல் வென்றது. உரிய ஆவணமற்ற தொழிலாளரைத் தெரிந்தே வேலைக்கு வைக்கும் நிறுவனத்தின் உரிமத்தை முடக்கும் சட்டத்தில் 2007-ல் நபோலிடானோவே கையெழுத்திட்டார். அதை அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2011-ல் ஏற்றது.

2009-ன் தொடக்கத்தில் நபோலிடானோ ஒபாமாவின் அமைச்சரவைக்குச் செல்ல, குடியரசுக் கட்சியின் ஜேன் ப்ரூவர் ஆளுநரானார். அதே மாதத்தில் பியர்ஸ் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டில் அமர்ந்தார். இந்த இரண்டும் ஒன்றுசேர்ந்ததன் விளைவே செனட் மசோதா 1070. வேறு காரணத்துக்காக நிறுத்தப்பட்ட ஒருவர் உரிமையின்றி நாட்டில் இருப்பதாக நியாயமான சந்தேகம் எழுந்தால், காவலர் அவருடைய குடியேற்ற நிலையை விசாரிக்க வேண்டும் என்றது அது. மெக்சிகோ எல்லையோரப் பண்ணையாளர் ஒருவர் 2010 மார்ச்சில் கொல்லப்பட்டதால் எழுந்த கொதிப்பும் அதற்குத் துணைநின்றது. ஏப்ரல் 23-ல் ப்ரூவர் கையெழுத்திட்டார். பிற நகரங்களும் அமைப்புகளும் அரிசோனாவைப் புறக்கணித்தன, மாநாடுகள் இடம் மாறின. அதே வேளையில் வேறு பல மாநிலங்கள் அச்சட்டத்தைப் பின்பற்றிச் சட்டம் இயற்ற முனைந்தன. குடியேற்றம் ஒன்றிய அரசின் அதிகாரம் என்று ஒபாமா அரசு வழக்காடியது. 2012-ல் உச்ச நீதிமன்றம் தன்முன் இருந்த நான்கு பிரிவுகளில் மூன்றை நீக்கி, காவலர் விசாரிக்கும் பிரிவை மட்டும் அப்போதைக்கு விட்டுவைத்தது.

தீர்ப்பு வந்தபோது பியர்ஸ் செனட்டில் இல்லை. 2011 ஜனவரியில் அவையின் தலைவராகி உச்சத்தில் இருந்தவரின் சரிவு இரண்டே மாதங்களில் தொடங்கியது. அந்த மார்ச்சில் மேலும் ஐந்து குடியேற்ற மசோதாக்கள் அவைக்கு வந்தன. போதும் என்று அறுபது நிறுவனத் தலைவர்கள் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். தம் கட்சியே பெரும்பான்மையாக இருந்த அவையில், தலைவர் நாற்காலியில் இருந்தபடியே, ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்பதை அவர் பார்க்க நேர்ந்தது.

அடுத்த அடி தொகுதியிலிருந்தே வந்தது. பதவியில் இருப்பவரை இடையிலேயே திரும்ப அழைக்கும் உரிமை அரிசோனா மக்களுக்கு உண்டு. நீதிபதிகளையும் அப்படி அழைக்கலாம் என்றிருந்ததை அதிபர் டாஃப்ட் ஏற்க மறுத்ததால், அந்த வரியை நீக்கி 1912-ல் மாநிலத் தகுதி பெற்றுக்கொண்டு, அதே ஆண்டில் மீண்டும் சேர்த்துக்கொண்ட பிடிவாதக்காரர்கள் அவர்கள். பியர்ஸுக்கு எதிராக 7,756 கையொப்பங்கள் தேவைப்பட்டன. செல்லுபடியானவையே பத்தாயிரத்தைத் தாண்டின. நவம்பர் 8-ல் நடந்த வாக்குப்பதிவில் அவரை எதிர்த்து நின்றவர் ஜெர்ரி லூயிஸ். அவரும் குடியரசுக் கட்சிக்காரர், அவரும் மார்மன். ஆகவே இதைக் கட்சிச் சண்டையாகவோ சமயச் சண்டையாகவோ காட்ட வழியில்லாமல் போயிற்று. இடையில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் வாக்குகளைப் பிரிப்பதற்காகப் பியர்ஸின் ஆதரவாளர்களே ஒரு பெண்மணியை நிறுத்தினார்கள் என்ற வழக்கு நீதிமன்றம் ஏறி, அவர் போட்டியிலிருந்து விலகினார். இது பியர்ஸின் பெயருக்குப் பெரும் சேதம். லூயிஸ் பியர்ஸைத் தோற்கடித்தார். அரிசோனா வரலாற்றில் இவ்வாறு பதவியிழந்த முதல் சட்டமன்ற உறுப்பினர் அவரே.

அவர் மனத்தில் ஈரமில்லாததால் தோற்றார் என்பது எளிய விளக்கம். 1070-ஐ ஆதரித்த மேசா வாக்காளர் பலரே அவரைக் கைவிட்டனர் என்பதுதான் என் கணிப்பு. கடன் நெருக்கடியில் சட்டமன்றக் கட்டடங்களையே விற்று வாடகைக்கு எடுத்துக்கொண்ட மாநிலம் அது. பள்ளிகளுக்கான நிதி வெட்டப்பட்டபோது, அவைத் தலைவரின் கவனம் முழுவதும் எல்லை வேலியிலேயே நிலைத்திருந்தது. 2012-ல் மீண்டும் நின்று, தம் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலிலேயே பாப் வோர்ஸ்லியிடம் தோற்றார். 2014-ல், அரசு மருத்துவ உதவி பெறும் பெண்களுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்ற பொருளில் வானொலியில் பேசிக் கண்டனத்துக்கு ஆளாகி, மாநிலக் கட்சிப் பொறுப்பிலிருந்தும் விலகினார். 2023 ஜனவரியில் காலமானார்.

அதற்கு அடுத்த ஆண்டு, எல்லையைச் சட்டவிரோதமாகக் கடப்பதை மாநிலக் குற்றமாக்கும் 314-ஆம் முன்மொழிவை அரிசோனாச் சட்டமன்றம் மக்கள் வாக்கெடுப்புக்கு அனுப்பியது. ஆளுநர் நாற்காலியில் மறுபடியும் ஜனநாயகக் கட்சிக்காரர் இருந்ததால், பியர்ஸ் பழகிய அதே வழிதான். முன்மொழிவு அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளோடு வென்றது.