ஐந்து மீட்டருக்குள்

நேயர்களுக்கு வணக்கம். நான் உடற்கல்வி ஆசிரியர். சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். “சார், பையன் ஒல்லியா இருக்கானே, கபடிக்கு ஆவானா?” என்று கேட்காத பெற்றோர் குறைவு. கபடி என்றாலே தொடை தட்டும் பயில்வான் ஒருவர்தான் அவர்கள் கண்முன் வந்து நிற்பார் போல.

களத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டைத் தாண்டி 4.75 மீட்டரில், கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோடு. பாடிப் போகிறவர், அதாவது ரைடர், அதைத் தாண்டித் திரும்ப, ஒரு பக்கத்துக்கு ஐந்து மீட்டர்கூட இல்லை. அதற்குள் யாரும் முழு வேகத்தை எட்ட முடியாது. நூறு மீட்டரில் முதலாவதாக வருகிற பையன் கபடியில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. இடுப்பைத் தாழ்த்தி, ஒரே எட்டில் நின்று, வந்த வழியே கிளம்புகிறவன்தான் தப்பிக்கிறான்.

சுறுசுறுப்பில் பாதி இந்த நிற்கிற வேலை. மீதிப் பாதி கண்ணில் இருக்கிறது. ஷட்டில் ரன் என்று ஒரு சோதனை வைப்போம். பத்து மீட்டர் தள்ளி இரண்டு மரக்கட்டைகள் இருக்கும். ஓடிப்போய் ஒவ்வொன்றாக எடுத்து வர வேண்டும். நல்ல சோதனைதான், ஆனால் கட்டை காலைப் பிடிக்காது. எங்கே திரும்புவது என்பதும் ஓடுகிறவனுக்கு முன்பே தெரியும். களத்தில் அப்படியில்லை. கார்னரில், அதாவது பிடிக்கிற அணியின் ஓரத்தில், நிற்பவர் தோளைக் கொஞ்சம் முன்னே சாய்க்கிற அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். அதனால் நான் எதிரே நின்றுகொண்டு, பையன் கடைசி எட்டு வைக்கும்போதுதான் இடது கையையோ வலது கையையோ தூக்குவேன். ஸ்டாப்வாட்சில் பிந்தியவர்கள் சிலர் இதில் முந்திவிடுவார்கள்.

தஞ்சாவூர் மாவட்டத்துச் சேரலாதன் 2016-ல் பாட்னா பைரேட்ஸ் அணியின் கேப்டனாக புரோ கபடி லீக் கோப்பையை வென்றபோது அவருக்கு வயது 41. கார்னர் ஆட்டக்காரர். ஓட்டப்பந்தயம் வைத்திருந்தால் இருபது வயதுப் பையன்கள் அவரைத் தாண்டியிருப்பார்கள்.

சரி, அப்போ உடம்பு வேண்டாமா? வேண்டும். எந்த இடத்தில் ஆடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. கார்னர்காரர் குனிந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். குட்டையாக இருந்தால் நல்லதே. கவரில், அதாவது கார்னருக்கு உள்பக்கம், நிற்பவர் ‘டாஷ்’ அடித்து, அதாவது உடம்பால் மோதி, ரைடரை வெளியே தள்ள வேண்டும். அங்கே தோளும் எடையும் பேசும். ரைடருக்குக் கை கால் நீளம் இருந்தால், பிடியில் சிக்கிய பிறகும் விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டுவிடும். பிரதீப் நர்வால் என்கிற ரைடரின் ‘டுப்கி’யோ, கோத்த கைகளுக்கு அடியில் புகுந்து வெளியேறுகிற வித்தை. அதற்கு முதுகு வளைய வேண்டும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் ஈரான் நம் ஆண்கள் அணியை 27-18 என்று வென்றது. ஈரானில் மல்யுத்தம் பழகிய உடம்போடு கபடிக்கு வருகிறவர்கள் உண்டு, பிடித்தால் விடமாட்டார்கள்.

எடையைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நம் ஊர்ப் போட்டிகள் 55 கிலோ, 60 கிலோ என்று எடைப்பிரிவில் நடக்கும். ஒருமுறை என் பையன் ஒருவன் தராசில் ஏறினான். 60 கிலோவுக்கு 400 கிராம் அதிகம். முந்தின ராத்திரியே சாப்பிடவில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோயில் குளத்தைச் சுற்றி ஓடினான், துப்பித் துப்பி வாய் காய்ந்துபோனது. ஒருவழியாக எடை சரியானது. ஆட்டத்தில் மூன்றாவது ரைடிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. போனஸ் கோட்டில் காலை வைத்தவனால் காலை எடுக்க முடியவில்லை. தப்பு அவனுடையதல்ல, ஓடச் சொன்ன என்னுடையது.

இப்போது அவன் 65 கிலோ பிரிவில் ஆடுகிறான், இடது கார்னரில். போட்டியன்று காலையில் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறான்.

நன்றி, வணக்கம்.